‘மறைந்திருந்தே பார்க்கும்’ காட்சியை வைத்து ஓர் இயல்: மல்வியும் ஸ்பிவாக்கும் போதுமா?

நண்டலாறு கேட்டது:

வணக்கம். முதுகலை ஆய்வேட்டில் ஓர் இயல் மட்டும் முடியாமல் நிற்கிறது. பொருள்: வெகுசன ஊடகத்தில் காவிரி டெல்டாப் பெண்கள். எடுத்துக்கொண்டவை ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ஒரு தொலைக்காட்சி நெடுந்தொடர், டெல்டா வயல்களைக் காட்டும் நாலைந்து திரைப்பாடல்கள். கோட்பாட்டுக்கு லாரா மல்வியின் ஆண் நோக்கு (படம் பெண்ணை ஆணின் கண்ணால் பார்க்கவைக்கிறது என்ற வாதம்), ஸ்பிவாக்கின் ‘அடித்தள மக்களால் பேச முடியுமா?’ கட்டுரை, பார்த்தா சட்டர்ஜியின் அகம்/புறம்.

எழுதியதைப் படித்தால் முதல் 12 பக்கம் கோட்பாட்டுச் சுருக்கம், அடுத்த 20 பக்கம் கதைச் சுருக்கம். இரண்டும் எண்ணெயும் தண்ணீருமாக நிற்கின்றன. கோட்பாட்டைக் காட்சியில் எங்கே, எப்படி இறக்குவது? எதை எண்ணிக் கணக்கெடுப்பது, எதை எடுக்கக்கூடாது? டெல்டா என்பதற்கு இந்த இயலில் ஏதாவது வேலை உண்டா, அல்லது வெறும் பின்னணியா? இந்த மூன்றுக்கும் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடமுருட்டி:

நெடுந்தொடரை முதலில் கழற்றிவிடுங்கள். நூற்றுக்கணக்கான பாகம் ஓடும் ஒன்றை ஓர் இயலுக்குள் நெருங்கிப் படிக்க முடியாது. பொறுக்கிய நாலு பாகத்தை வைத்து எழுதினால் வாய்மொழித் தேர்வில் ‘ஏன் இந்த நாலு?’ என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். தவிர, மல்வி 1975இல் எழுதியது இருட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஹாலிவுட் படம் பார்ப்பவரைப் பற்றி. வெங்காயம் நறுக்கிக்கொண்டே வசனத்தைக் காதில் வாங்குகிறவருக்கு அந்தச் சட்டை தைக்கப்படவில்லை.

படத்திலும் முழு நீளத்துக்குப் போகவேண்டாம். தலைப்பில் நீங்களே போட்டிருக்கும் அந்த ஒரு காட்சி போதும், அதிலேயே இயலுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. மல்வி மூன்று பார்வைகளைப் பிரிக்கிறார்: கேமரா பார்ப்பது, கொட்டகையில் இருப்பவர் பார்ப்பது, படத்துக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது. முதல் இரண்டையும் மறக்கடித்து மூன்றாவதை மட்டும் முன்னால் நிறுத்துவதால், ஆணின் கண்ணைக் கடன் வாங்கித்தான் பார்க்கிறோம் என்பதே நமக்கு உறைப்பதில்லை என்பது அவர் வாதம்.

இப்போது காட்சி. நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று மோகனாவின் ஆட்டத்தைப் பார்க்கிறார். மோகனா அதைக் கண்டுகொள்கிறாள். கண்டும் காணாததுபோல் விடவில்லை, சபை நடுவே, பல்லவியின் முதல் வரியிலேயே கேட்டுவிடுகிறாள். பாட்டு கடவுளை அழைப்பதுபோல் நடந்து, அழைக்கும் பெயர்களில் ‘சண்முகா’வும் வந்து சேர்கிறது. முருகன் பெயர் அது, தூணுக்குப் பின்னால் நிற்பவர் பெயரும் அதுவே. ராகமோ ஷண்முகப்ரியா. ஒளிந்து பார்ப்பதில்தான் ஆண் நோக்கின் பலம் இருக்கிறது என்றால், ஒளிந்தவரின் பெயரை அவள் மேடையிலிருந்தே சொன்ன பிறகு அந்தப் பலம் என்ன ஆகிறது? உங்கள் இயலின் கேள்வியாக இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

‘பெண் திருப்பிப் பார்த்துவிட்டாள், ஆகவே விடுதலை’ என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். குறிப்பறிதல் அதிகாரத்தில் 1094ஆம் குறளை எடுத்துப் பாருங்கள்: ‘யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்.’ அவள் பார்க்கிறாள்தான். பார்த்தாள் என்று சொல்வது யார்? அவன். தான் பார்க்காதபோது அவள் பார்த்தது இவனுக்கு எப்படித் தெரிந்ததாம்! பெண்ணின் பார்வையும் ஆணின் வாய்மொழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. படத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள். அவள் அந்தக் கேள்வியைப் பாடும் நேரத்தில் கேமரா எங்கே நிற்கிறது? மேடையில் அவளோடு நின்று தூணைப் பார்க்கிறதா, தூணோடு நின்று மேடையைப் பார்க்கிறதா? பாட்டு ஒரு பக்கமும் கேமரா இன்னொரு பக்கமும் நின்றால் அந்த இடைவெளியைத்தான் எழுதவேண்டும்.

சட்டர்ஜியின் பிரிவை ‘அகம்/புறம்’ என்று மொழிபெயர்க்காதீர்கள். தமிழ் படித்தவர் எவரும் அதைக் கண்டதும் தொல்காப்பியத்துக்குப் போய்விடுவார். நம் அகம் காதல், புறம் போரும் புகழும் கொடையும். சட்டர்ஜி சொல்வது வேறு: ஆட்சியும் தொழில்நுட்பமும் இருக்கும் வெளியுலகை வெள்ளைக்காரனிடம் இழந்த தேசியம், வீட்டையும் பெண்ணையும் ‘இது நம்முடையது, இங்கே நீ வராதே’ என்று வேலி கட்டிக்கொண்டது. ‘வீடு/வெளி’ என்று போட்டால் குழப்பம் இல்லை.

அரசலாறு:

எண்ணுகிற வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பலர் சறுக்குவது இங்கேதான்.

விரிதாளில் ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி. பத்தி (column) இவ்வளவு போதும்: ஷாட் எண், தொடங்கும் நேரம், நீளம் நொடியில், அளவு (முழு உருவம், இடுப்பு வரை, முகம், உறுப்பு), யார் சட்டகத்தில், யார் யாரைப் பார்க்கிறார், கேமரா யார் பக்கம், அந்நேரம் ஒலிப்பது யாருடைய குரல் அல்லது வாத்தியம். விஎல்சி பிளேயரில் ‘E’ விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும், வெட்டு எங்கே விழுகிறது என்பது பிசகாமல் தெரியும். உதாரணத்துக்கு 8 நிமிடம் 20 நொடிக் காட்சியில் 100 ஷாட் இருந்தால் சராசரி 5 நொடி. ஆனால் சராசரியோடு நிறுத்தாதீர்கள். அவள் ஷாட்டுகளின் சராசரி தனி, அவர் ஷாட்டுகளின் சராசரி தனி. பார்க்கப்படுகிறவர் நீள ஷாட்டிலும் பார்க்கிறவர் சிறு துண்டுகளிலும் வருவது வழக்கமான அமைப்பு. இதில் அது மாறுகிறதா என்று பாருங்கள்.

இனி பிரதி. டிவிடி, தொலைக்காட்சி வழியாக வந்த பிரதிகள் பல நொடிக்கு 25 ஃப்ரேமில் ஓடும். படம் எடுத்தது 24இல். ஆகவே அத்தகைய பிரதியில் 500 நொடிக் காட்சி 480 நொடியாகச் சுருங்கியிருக்கும், சுருதியும் ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். நாயனம் கேட்டுப் பழகிய காது என்றால் இசைத்தட்டோடு ஒப்பிட்டதுமே பிடித்துவிடும். காது போதாதென்றால் கணக்கு இருக்கிறது: படத் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்தி நீளத்தைப் படியுங்கள். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,800 மீட்டர் என்று போட்டிருந்தால் 175 நிமிடம் வரவேண்டும். கையிலிருக்கும் பிரதி 168 நிமிடம் என்றால் வேகம் கூடிய பிரதி. அதைவிடவும் குறைவென்றால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் பாட்டையோ நகைச்சுவையையோ.

இன்னொன்று, இதுதான் பெண்ணிய வாசிப்பையே கெடுப்பது. பழைய படத்தை அகலத் திரைக்கு நிரப்புவதற்காக மேலும் கீழும் நறுக்கிய பிரதிகள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. நறுக்கினால் ஆடுகிறவரின் பாதம் போய்விடும். முழு உருவமாக எடுத்த ஷாட் முழங்காலோடு நிற்கும். நீங்கள் அதைப் பார்த்து ‘கேமரா உடலைத் துண்டாடுகிறது’ என்று எழுதுவீர்கள். துண்டாடியது கேமரா இல்லை, பதிவேற்றியவர். தலைப்பு எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்படுகின்றனவா என்று பார்த்தால் நறுக்கியது தெரிந்துவிடும்.

முடிந்தால் இன்னொருவரையும் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். 100 ஷாட்டில் 80இல் இருவரும் ஒத்துப்போனால் 80 விழுக்காடு என்று பெருமைப்பட வேண்டாம், இரண்டே குறிகள் சம அளவில் இருந்தால் தற்செயலாகவே பாதி ஒத்துப்போகும். அதைக் கழிக்கத்தான் கோஹனின் கப்பா: (0.8 – 0.5) ÷ (1 – 0.5) = 0.6. அதற்குக் கீழே போனால் தவறு பெரும்பாலும் உங்கள் குறிப்பு விதிகளில்தான் இருக்கும், விதியைத் திருத்தி மறுபடி குறியுங்கள்.

வெண்ணாறு:

குடமுருட்டி சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. காட்சியை மட்டும் குடைந்தால் பெண்ணியம் வரும், பின்காலனியம், அதாவது காலனிய ஆட்சி விட்டுச்சென்றதைப் பற்றிய வாசிப்பு, வராது. மோகனா திருவாரூர்க்காரி, சிக்கலார் நாகப்பட்டினத்துப் பக்கத்துச் சிக்கல். இந்த ஊர்ப் பெயர்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. மேடையில் ஆடும் பெண்ணுக்குத் தாலி ஏன் கதையின் முடிவாக இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்த வட்டாரத்து வரலாற்றில் இருக்கிறது.

வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1799 ஒப்பந்தத்தோடு தஞ்சை மராட்டியரின் நாடு கும்பினி கைக்குப் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் அரசவையும்தான். இன்றைய மார்க்கத்தை (பரதநாட்டியக் கச்சேரியின் உருப்படி வரிசை) ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் அந்த அவையில் இருந்தவர்கள். 1855க்குப் பிறகு அரசவையும் போனது, கலைஞர்கள் புரவலரைத் தேடிச் சென்னைக்கு நகர்ந்தார்கள். 1890களில் சென்னையில் சதிர் (தேவதாசிகள் ஆடிய ஆட்டம்) எதிர்ப்பு. 1936இல் கலாக்ஷேத்ரா, ‘சதிர்’ போய் ‘பரதநாட்டியம்’ நிலைபெறும் காலம். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம். படம் வந்தது அதற்கு 21 ஆண்டு கழித்து. கலை மரியாதைக்குரியதாகிவிட்டது, அதை வைத்திருந்த குடும்பத்துப் பெண்தான் இன்னும் மரியாதைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். வீடு/வெளி வேலியை இங்கே இறக்குங்கள், கச்சிதமாக உட்காரும்.

ஸ்பிவாக்கை இறக்கும்போதுதான் ஜாக்கிரதை. அவர் உடன்கட்டைத் தடையைப் பற்றிப் பேசுகிறார்: காப்பாற்ற வந்த வெள்ளையனும் பேசினான், ‘அவளே விரும்பினாள்’ என்று உள்ளூர் ஆணும் பேசினான், அவள் குரல் இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனது. இதை அப்படியே தேவதாசி விவாதத்தில் ஒட்டினால் தோற்பீர்கள். மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் இசை வேளாளர் குடும்பத்துப் பெண். பொட்டுக்கட்டுதலை (பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கு) எதிர்த்து மேடை மேடையாகப் பேசி, 1936இல் நாவலே எழுதினார். அதே மரபிலிருந்து வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி, சிருங்காரத்தை (காதல் சுவை) கழித்துவிட்டு இந்தக் கலை இல்லை என்று கடைசிவரை வாதாடினார். இருவரும் பேசினார்கள், உரக்கவே பேசினார்கள், எதிரெதிராகப் பேசினார்கள். ஆகவே ‘பேச முடிந்ததா’ என்று கேட்கவேண்டாம். இந்த இரண்டு பேச்சில் எது படத்துக்குள் வந்தது, எது வாசலோடு நின்றது என்று கேளுங்கள். ஒரு துப்பு: அந்த நாவலின் தலைப்பிலேயே ஒரு ‘மைனர்’ வருகிறார், படத்திலும் ஒரு மைனர் இருக்கிறார். மைனர், மிராசுதார், மகாராஜா என்று பணக்கார ஆணுக்குப் படம் தரும் பட்டங்களைத் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். மூன்றும் ஒன்றில்லை: மிராசு தஞ்சையின் நில உரிமை, மகாராஜா பட்டமோ ஆங்கிலேயன் அனுமதித்த வரையில் வாழ்ந்த அதிகாரம். இழுக்கு எந்தப் பட்டத்தின் தலையில் கட்டப்படுகிறது என்று பார்த்தால் வாதம் தானாகத் திறக்கும்.

எதிர்த்திசையிலும் சறுக்கல் உண்டு. ‘சோழர் காலத்திலிருந்தே தேவதாசி முறை’ என்று ஒரே வரியில் ஆயிரம் ஆண்டைத் தாண்டாதீர்கள். பெரிய கோயிலில் இராசராசன் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயிலின் ஆடல் பெண்கள்) பட்டியலிடுகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, 100 கலம் நெல் வரும் ஒரு பங்கு. பங்கு பெற்ற கோயில் ஊழியர் அவர்கள். ‘தேவதாசி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டியது ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றமும் சட்டமும். அந்த மூட்டையைப் பதினோராம் நூற்றாண்டின் முதுகில் ஏற்றுவதே காலனிய வாசிப்புதான்.

முடிகொண்டான்:

வயல் பாட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நாலைந்து வேண்டாம், இரண்டு எடுங்கள். நடவு நடும் பெண்கள் சட்டகத்தில் வரும் ஷாட்டுகளை மட்டும் பிரித்து, முகம் தெரிகிறதா, எத்தனை நொடி, வேலை சரியாக நடக்கிறதா என்று மூன்றே பத்தி போடுங்கள். நடவுக்காரர் இடது கையில் நாற்று முடிச்சும் வலது கையில் நடவுமாகக் குனிந்தபடி பின்னோக்கி நகர்வார். முன்னோக்கி நடந்தால் நட்ட நாற்றையே மிதிக்கவேண்டும். திரையில் இதை முன்னோக்கி நடக்கவிட்டாலோ, புதுச்சேலையில் சேறு படாமல் நிமிர்ந்து நிறுத்தினாலோ, அந்த ஷாட்டில் இருப்பது வேலை இல்லை, வண்ணம். சில பாட்டுகளில் பச்சை நாற்றும் பழுத்த கதிரும் அடுத்தடுத்த ஷாட்டில் வரும். குறுவைக்கே நூறு நாளுக்கு மேல் ஆகும் பயிர்க்காலம் ஒரு சரணத்தில் முடிந்துபோகிறது, அத்தனை நாள் கூலியும் அந்த வெட்டுக்குள் போய்விடுகிறது.

நதியைப் பெண்ணாகக் காட்டினால் உடனே காலனியத்தின் மேல் பழி போடவேண்டாம். சிலப்பதிகாரத்தின் கானல்வரியிலேயே காவேரி நடந்து வரும் பெண்தான். ட்ரோன் காட்டும் பச்சைப் பரப்பு வேறு, அது வரைபடம் போடுகிறவனின் உயரம்.

இங்கே சாதியைப் பேசாமல் ‘டெல்டாப் பெண்’ என்று ஒருமையில் எழுத முடியாது. சமூகவியலாளர் ஷர்மிளா ரேகே 1998இல் எழுதியது இதற்குத்தான்: பெண் என்றால் மேல்சாதிப் பெண், தலித் என்றால் தலித் ஆண் என்று இரண்டு இயக்கங்களும் எடுத்துக்கொண்டதால் தலித் பெண் இரண்டிலும் விடுபட்டுப்போனாள். வரப்பில் ஆடும் நாயகியும் சேற்றில் குனிந்திருப்பவரும் ஒரே சட்டகத்தில் இருக்கும் ஷாட்டை நிறுத்தி எழுதினால் ரேகேக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

கீழ்வெண்மணியை இந்தப் படத்தோடு சேர்த்து எழுத ஆசை வரும், இரண்டும் 1968, சிக்கலிலிருந்து அதிக தூரமும் இல்லை. ஆனால் படம் வெளிவந்தது ஜூலையில். 44 பேர் எரிக்கப்பட்டது டிசம்பர் 25. ‘வெண்மணியைப் படம் மறைத்தது’ என்று எழுதினால் தேதியிலேயே விழுந்துவிடும். விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூலிப் போராட்டமும் 1940களிலிருந்தே இங்கே உண்டு, 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அந்த வயல் படத்தில் எங்கே என்று கேட்கலாம், தேதி இடிக்காது.

நண்டலாறு:

எல்லோருக்கும் நன்றி. தொடரைக் கழற்றிவிட்டேன். ஒரு சிக்கல்: கண்ணுக்கு மட்டும் நெருங்கும் ஷாட்டுகளை ‘உறுப்பு’ என்று போடுவதா? மல்வியின்படி அது துண்டாடல். ஆனால் அபிநயமே கண்ணில்தானே? தோழி ஒருவரும் தனியாகக் குறித்தார், இந்த ஷாட்டுகளில்தான் இருவரும் மோதுகிறோம். படத்தில் வரும் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியைச் சேர்க்கலாமா?

குடமுருட்டி:

மோதல் வந்தது நல்லது, மல்வியின் அளவுகோல் இந்த ஊர்க் கலையில் முட்டும் இடம் அதுதான். ஹாலிவுட் நடிகை கிரெட்டா கார்போவின் முகத்துக்கு எழுதிய விதியை அபிநயத்தின் மேல் அப்படியே போட முடியாது. ‘உறுப்பு’ என்ற குறியை இரண்டாக உடையுங்கள். நெருங்கும் ஷாட் பாட்டின் சொல்லோடு தொடங்கி அந்தச் சொல்லின் முகபாவம் முடியும்வரை நின்றால் ‘அபிநயம்’. பாதம் என்றால் ஜதியின் தட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தினால் ‘அடவு’. சொல்லுக்கும் தாளத்துக்கும் தொடர்பில்லாமல் இடுப்புக்கோ கழுத்துக்கோ போனால் மட்டும் ‘துண்டு’. பாவம் முடியுமுன்பே கேமரா தூணுக்குத் தாவினால் அதற்கும் தனிக் குறி வையுங்கள், அங்கே அவள் ஆட்டத்தை ஆணின் எதிர்வினை வெட்டுகிறது. விதியை எழுதி வைத்துவிட்டுப் பழைய குறிப்பைப் பார்க்காமல் இருவரும் மறுபடி குறியுங்கள்.

ஒலிப் பத்தியை நிரப்பும்போது ஒன்று தோன்றும்: உடல் திருவனந்தபுரத்துப் பத்மினி, குரல் ஆந்திரத்து விஜயநகரத்தில் பிறந்த சுசீலா, நாயனத்தின் மூச்சு மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் நாம் ‘தஞ்சாவூர்’ என்று கேட்பதும் பார்ப்பதும் இப்படிக் கோத்தது. அரைப்பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதலாம்.

ரமாமணியைக் கட்டாயம் சேருங்கள். இந்த நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று சிக்கலாரையே கேட்கிறவள் அவள்தான். ஆணின் கருவியைப் பற்றி நேராகக் கேள்வி கேட்கும் உரிமை நாடகக் கொட்டகைப் பெண்ணுக்குத் தரப்படுகிறது, சிரிப்பு என்ற விலையில். மோகனாவின் கேள்விக்கு ஷண்முகப்ரியா, இவள் கேள்விக்குக் கொட்டகைச் சிரிப்பு. இரண்டு கேள்விக்கும் அடுத்த ஷாட் யாருடைய முகம் என்று அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

அரசலாறு:

ஆய்வேட்டில் ஃப்ரேம் படங்களை ஒட்டலாம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் இடம் தருகிறது. ஒவ்வொன்றின் கீழும் ஷாட் எண்ணும் நேரமும் போடுங்கள், எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்து. 25 ஃப்ரேம் பிரதி என்றால் எல்லா நேரத்தையும் 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்த பிறகு அட்டவணையில் ஏற்றுங்கள்.